அமைதியான சிற்றூரில் அடைபட்டதுபோல் இருக்கிறது: குறை ஊரிலா, என்னிலா?

கேள்வி
எழுதியவர்: சாளரம்

வணக்கம். கணவரின் பணிமாற்றத்தால் ஒரு சிறிய ஊருக்குக் குடிவந்து 16 மாதங்கள் ஆகின்றன. எனக்கு வயது 33. ஒரு நிறுவனத்தின் கணக்குகளை வீட்டிலிருந்தபடியே பார்க்கிறேன். ஆகவே வேலை என்ற பெயரில் வெளியே போக வேண்டிய தேவை எனக்கு இல்லை. கணவர் வாரத்தில் நான்கு நாள்கள் பயணத்தில் இருப்பார். குழந்தைகள் இல்லை.

ஊரைப் பற்றி நான் குறை சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சாகத்தான் ஒலிக்கும். இரைச்சல் இல்லை, நெரிசல் இல்லை, இரவில் கதவைப் பூட்ட மறந்தாலும் பயப்படத் தேவையில்லை. முதல் மூன்று மாதங்கள் இந்த அமைதி எனக்குப் பிடித்தே இருந்தது. அதன்பிறகு, எந்த நாள் என்று சுட்டிச் சொல்லத் தெரியவில்லை, அதே அமைதி மூச்சை அடைக்கத் தொடங்கிவிட்டது. மாலை ஏழரை மணிக்குள் தெரு அடங்கிவிடும். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் ஓடி நிற்பதும், சற்று நேரம் கழித்து மீண்டும் ஓடத் தொடங்குவதும்தான் வீட்டில் கேட்கும் ஒலி. கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தில் சில நாள்கள் வாசலுக்கு வந்து நின்று, அது வளைவில் திரும்பி மறையும் வரை பார்த்துவிட்டு உள்ளே போகிறேன். எங்கும் போக வேண்டிய வேலை எனக்கு இல்லை. ஆனாலும் அது போன பிறகு, இனி விடியும்வரை இங்கிருந்து வெளியேற வழியில்லை என்ற எண்ணம் வந்து நெஞ்சை அழுத்துகிறது.

ஒன்றைச் சொன்னால் என் நிலை உங்களுக்குப் புரியும். சென்ற மாதம் ஒரு வார இறுதியில் கணவர் ஊரில் இல்லை. அவர் இருந்த இடத்தில் அலைபேசித் தொடர்பும் சரியாகக் கிடைக்கவில்லை என்பதால் குறுஞ்செய்திகளோடு முடித்துக்கொண்டோம். திங்கட்கிழமை காலை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தபோது பேச வாயெடுத்தேன், குரல் வரவில்லை. சளி இல்லை, தொண்டை வலி இல்லை. இரண்டு முறை செருமிய பிறகுதான் சொல் வெளியே வந்தது. பேசி முடித்த பின் யோசித்துப் பார்த்தால், வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு நான் ஒரு சொல்கூட வாய்விட்டுப் பேசியிருக்கவில்லை.

ஊரார் கெட்டவர்கள் அல்லர். பார்த்தால் சிரிக்கிறார்கள். நான் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறேன் என்பதுகூட எதிர்வீட்டம்மாவுக்குத் தெரியும். ஆனால் எனக்கு எது பிடிக்கும், எதைக் கண்டால் சிரிப்பு வரும் என்பது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. புதிதாக அறிமுகமாகிற எவரும் முதலில் கேட்பது, "எத்தனை வருடம் இருப்பீர்கள்?" என்பதைத்தான். "இரண்டே வருடம், அடுத்த பணிமாற்றம் வந்ததும் கிளம்பிவிடுவோம்" என்று நானும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் மூன்று மாதச் சந்தாவை ஐந்தாவது முறையாகப் புதுப்பித்திருக்கிறேன். பழைய தோழிகளுடனான தொலைபேசிப் பேச்சு வாரம் ஒருமுறை என்பதிலிருந்து மாதம் ஒருமுறையாகத் தேய்ந்துவிட்டது.

இந்த ஊரை விட்டுப் போனால் இது தீருமா, அல்லது நான் எங்கே போனாலும் கூடவே வருமா? இத்தகைய ஊர்களில் வாழ்ந்தவர்கள் மனம்விட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1
எழுதியவர்: மறுகரை

கிளம்பிவிடுங்கள் என்பதுதான் என் பதில். "பொறுத்துப் பாருங்கள், பழகிவிடும்" என்று இங்கே பலரும் சொல்லப்போகிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஏழு ஆண்டுகள் பொறுத்தேன். பழகியது உண்மைதான், ஆனால் தனிமைதான் பழகியதே தவிர ஊர் பழகவில்லை. என் வயதினர் அனைவரும் படிப்புக்கும் வேலைக்குமாக வெளியேறிவிட்ட ஊர் அது. மீந்திருந்தவர்கள் நல்லவர்கள், ஆனால் அவர்களுக்கும் எனக்கும் பேச ஒரு பொருள்கூட இல்லை. ஒத்த மனமுடையவர்கள் நூற்றில் ஒருவர்தான் கிடைப்பார் என்றால், மக்கள்தொகை குறைந்த இடத்தில் அந்த ஒருவரே இல்லாமல் போகலாம். இது வெறும் கணக்கு. இதில் உங்கள் குணத்தைச் சந்தேகிக்க என்ன இருக்கிறது? உங்களுக்கு வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை இருக்கிறது. எனக்கு அது இல்லாததால்தான் ஏழு ஆண்டுகள் போயின.

கணவரிடம் பேசி ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாத காத்திருப்பு மனிதரை அரித்துவிடும்.


பதில் 2
எழுதியவர்: ஒன்பதாம் வீடு

சகோதரிக்கு வணக்கம். கணவரின் வேலை காரணமாக 27 ஆண்டுகளில் ஒன்பது ஊர்களில் குடியிருந்தவள் நான். அவற்றில் ஆறு, நீங்கள் விவரிப்பது போன்ற சிற்றூர்கள். அந்தத் திங்கட்கிழமைக் குரலை நானும் அறிவேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வது நல்லது. ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். உயிருக்கு நெருக்கமான ஒருவர் இல்லாததால் வருவது ஒன்று. நான்கு பேர் கொண்ட வட்டம், கூட்டு, சேர்மானம் இல்லாததால் வருவது மற்றொன்று. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிரப்ப முடியாது என்பதே அவர் சொன்னதில் முக்கியமானது. அன்பான கணவர் இருந்தும் ஏன் இப்படி இருக்கிறது என்று உங்களுக்குள் ஒரு குற்றவுணர்வு இருந்தால், அதை இப்போதே இறக்கி வைத்துவிடலாம். நான் அதை நான்காவது ஊர்வரை சுமந்தேன். பாவம், என் கணவரும் தன்னால் தீர்க்க முடியாத ஒன்றைத் தீர்க்கப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை எங்காவது அழைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்.

அடுத்து, நட்புக்கு ஆகும் நேரம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் வேறிடம் குடிபெயர்ந்து புதிய நண்பர்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டு ஒரு கணக்குப் போட்டார். அறிமுகமானவர் என்ற நிலையிலிருந்து ஓரளவு நண்பர் என்ற நிலைக்கு வரச் சுமார் 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ளச் சுமார் 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் தேவைப்படுகின்றன. ஒருவரோடு வாரத்துக்கு மூன்று மணி நேரம் தவறாமல் கழித்தால் 200 மணி நேரம் சேர 67 வாரங்கள் பிடிக்கும். நீங்கள் அந்த ஊரில் இருந்துவரும் காலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வாசலில் நின்று இரண்டு நிமிடம் சிரித்துவிட்டுப் போகிறவர்களோடு இந்த 16 மாதங்களில் ஐந்து மணி நேரமாவது சேர்ந்திருக்குமா? ஊர் உங்களை ஏற்கவில்லை என்று நீங்கள் முடிவுகட்டியிருந்தால், அந்த முடிவு மிகவும் முன்னதாக எடுக்கப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த நேரம் எப்படிச் சேரும் என்பதற்கும் ஒரு பழைய ஆய்வு உண்டு. 1950-இல் வெளியான அந்த ஆய்வில் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய இரு கூட்டாளிகளும் ஒரு மாணவர் குடியிருப்பில் யாருக்கு யார் நண்பராகிறார்கள் என்று பார்த்தார்கள். பொருத்தமான குணத்தைவிடப் பக்கத்துக் கதவே அதிக நட்புகளைத் தந்திருந்தது. மாடிப்படிக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் இருந்தார்கள், காரணம் மேலே போகிறவர்கள் எல்லோரும் அவர்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். அதாவது, திட்டமிடாமல் திரும்பத் திரும்ப எதிர்ப்படுவதுதான் விதை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவருக்கு அந்தப் படிக்கட்டே இல்லாமல் போய்விடுகிறது.

ஆகவே நீங்களாக ஒரு படிக்கட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். நூலகத்துக்குப் புத்தகம் மாற்ற மட்டும் போகாமல், வாரத்தில் இரண்டு நாள், அதே கிழமை, அதே நேரம், அதே மேசையில் உட்கார்ந்து உங்கள் கணக்கு வேலையில் ஒரு பகுதியை அங்கே முடியுங்கள். நேரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு முகங்கள்தான் கிடைக்கும், ஒரே நேரத்தில் போனால் மூன்றாவது வாரத்தில் யாராவது ஒருவர் "இன்று தாமதமாகிவிட்டதோ?" என்று கேட்பார். மூன்றாவது ஊரில் நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். தெருவில் இருந்த அத்தனை பேரையும் ஒரே மாலையில் வீட்டுக்கு அழைத்தேன். அத்தனை பேரும் வந்தார்கள், அத்தனை பேரும் போனார்கள். எவருடைய பெயரும் எனக்கு நினைவில் நிற்கவில்லை.


பதில் 3
எழுதியவர்: பிறந்தஊர்

நான் இதுபோன்ற ஊரிலேயே பிறந்து, அங்கேயே இருப்பவன். வெளியிலிருந்து வந்தவர்கள் இங்கே எழுதும்போது, எங்கள் பக்கத்துச் செய்தி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது என்பதால் எழுதுகிறேன்.

"எத்தனை வருடம் இருப்பீர்கள்?" என்று நாங்கள் கேட்பது வம்புக்காக அல்ல. எங்கள் அடுத்த வீட்டில் என் நினைவு தெரிந்து பதினோரு குடும்பங்கள் வந்து போயிருக்கின்றன. என் சிறுவயதில் வந்த முதல் குடும்பத்தின் பையன் எனக்கு உயிர்த்தோழன். ஒரு கோடையில் லாரி வந்து நின்றது, போய்விட்டான். இரண்டு கடிதங்கள் வந்தன. அதற்கடுத்த குடும்பத்தோடும் நன்றாகவே பழகினோம். ஐந்தாவது குடும்பம் வந்தபோது என் தாயார் போய் விசாரித்துவிட்டு, "இரண்டு வருடம்தானாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். அதன்பிறகு அந்த வீட்டோடு எங்களுக்கு இருந்தது சிரிப்பு மட்டும்தான். தவறு என்று தெரியும், ஆனாலும் பிரிவதற்காகவே பழகுவது எல்லோராலும் முடிகிற காரியம் அல்ல.

நீங்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், அதில் குற்றமில்லை. ஆனால் "இரண்டே வருடம்" என்பது எங்கள் காதில் எப்படி விழுகிறது தெரியுமா? "எனக்காக மெனக்கெட வேண்டாம்" என்று விழுகிறது. அந்த "ஏ" என்ற ஒற்றை எழுத்துக்கு அவ்வளவு வலு உண்டு. மூன்று மாதச் சந்தாவை ஐந்து முறை புதுப்பித்ததாக எழுதியிருக்கிறீர்கள். நூலகத்தில் இருப்பவரும் அதைக் கவனித்திருப்பார். சிற்றூரில் கவனிக்கப்படாமல் போவது எதுவும் இல்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இங்கே ஒருவரிடம் சொன்னது மறுநாள் நான்கு பேருக்குத் தெரிந்திருக்கும்; கணவர் ஊரில் இல்லாத நாள்கள் எவை என்பதும் தெரிந்திருக்கும். அதனால் மனத்தில் உள்ளதையெல்லாம் முதலில் கிடைத்தவரிடம் கொட்டிவிடாதீர்கள். ஒரு செடியைப் பற்றிக் கேளுங்கள், குழாய் பழுதானால் யாரை அழைப்பது என்று கேளுங்கள், சிறு உதவி ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். உதவி செய்துவிட்டால் எங்களுக்கு உங்களிடம் ஓர் உரிமை வந்துவிடுகிறது. பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். எதையும் கேட்காமல் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் மதிக்கிறோம், ஆனால் அவர் வீட்டுக் கதவைத் தட்டத் தயங்குகிறோம்.


பதில் 4
எழுதியவர்: இரவுப்பணி

"நான் எங்கே போனாலும் கூடவே வருமா?" என்று கேட்டிருந்தீர்கள். என் விஷயத்தில் வந்தது. சிற்றூரில் மூன்று ஆண்டுகள் தனித்திருந்துவிட்டு, இனித் தீர்ந்தது என்று பெருநகருக்கு மாறினேன். அடுக்ககத்தில் என் தளத்தில் மட்டும் எட்டு வீடுகள். ஆனால் மின்தூக்கியில் ஒருவர் முகம் திருப்பினால்கூட, என்னைப் பிடிக்கவில்லை போலும் என்று நினைக்கிற மனத்தோடுதான் நான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். ஓர் அலுவலக நண்பருக்குத் தொடர்ந்து இரண்டு வாரங்கள் காலை வணக்கம் சொல்லியும் பதில் வரவில்லை. மூன்றாம் வாரம் நிறுத்திக்கொண்டேன். பல மாதங்கள் கழித்துத்தான் அவர் முடிக்கு அடியில் காதொலிப்பான் அணிந்திருப்பவர் என்பதைக் கண்டேன்.

ஜான் கசியப்போ என்ற சிகாகோ ஆய்வாளர் தனிமையைப் பசியோடு ஒப்பிட்டார். பசி உடலுக்கு உணவு வேண்டும் என்று சொல்வது போல, தனிமை மனிதருக்கு மனிதர் வேண்டும் என்று சொல்கிறது. அது நோயும் அல்ல, குணக்கேடும் அல்ல. சிக்கல் என்னவென்றால், தனிமை நீண்டுவிட்டால் மனம் காவல்காரனாக மாறி, எங்கே அவமதிப்பு வருமோ என்று எல்லா முகங்களிலும் தேடத் தொடங்கிவிடுகிறது. அவரும் சில ஆய்வாளர்களும் சேர்ந்து 2011-இல், தனிமையைக் குறைக்க மேற்கொள்ளப்பட்ட பல்வேறு முயற்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, வெறுமனே ஆட்களைச் சந்திக்க வாய்ப்பளித்ததைவிட, இந்தத் தவறான ஊகங்களைத் திருத்த உதவியவையே கூடுதலாகப் பலன் தந்திருந்தன. 2018-இல் வந்த மற்றோர் ஆய்வில், முன்பின் அறியாத இருவர் பேசி முடித்த பிறகு, தன்னை மற்றவருக்கு எவ்வளவு பிடித்தது என்று ஒவ்வொருவரும் போட்ட மதிப்பீடு உண்மையைவிடக் குறைவாகவே இருந்தது. எதிர்வீட்டம்மா உங்களைக் கண்காணிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்கு அணையும் நேரத்தைக் கவனிப்பவர், ஒருநாள் அது அணையாவிட்டால் கதவைத் தட்டக்கூடியவராகவும் இருக்கலாம் அல்லவா?

மறுகரை அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. போகத்தான் வேண்டும் என்ற ஊர்களும் உண்டு. போகும்போது எதைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை: உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் அறிவித்தது, பிரிட்டன் 2018-லேயே இதற்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது.

ஒரே ஓர் எச்சரிக்கை. தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல், இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தால், அதைத் தனிமை என்று மட்டும் எண்ணி ஆறப்போடாதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. உள்ளூரில் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சினால் காணொளி வழியாகவே மருத்துவரிடம் பேசலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: சாளரம்

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இரவுப்பணி அவர்களுக்கு முதலில்: தூக்கமும் பசியும் சரியாகவே இருக்கின்றன, ஆனாலும் நீங்கள் எழுதியதை மறக்க மாட்டேன்.

குரல் வராமல் போன அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நான் கணவரிடம் சொல்லியிருக்கவே இல்லை என்பது இங்கே எழுதிய பிறகுதான் உறைத்தது. சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு மறுகரை அவர்கள் சொன்னபடி ஒரு தேதியைக் குறித்துக்கொண்டோம்: அதற்குள் பணிமாற்றம் வராவிட்டால், மாதத்தில் ஒரு வாரம் நான் அலுவலகத்துக்கே போய் வேலை பார்ப்பதற்கு அனுமதி கேட்பது என்று முடிவு. தேதி குறித்த அன்றிரவு கடைசிப் பேருந்தைப் பார்க்க நான் வாசலுக்குப் போகவில்லை. இதை மறுநாள் காலையில்தான் கவனித்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு மணிக்கு நூலகத்தில் உட்கார்கிறேன். இதுவரை எவரும் "தாமதமாகிவிட்டதோ?" என்று கேட்கவில்லை. ஆனால் என் மேசைக்கு எதிரே நாளிதழ் படிக்கும் ஒரு பெண்மணி, நான் வருவதற்குள் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நன்றி சொன்னேன். எவ்வளவு காலம் இந்த ஊரில் இருப்பீர்கள் என்று அவரும் கேட்டார். "தெரியவில்லை" என்றேன். பிறந்தஊர் அவர்கள் எழுதியிராவிட்டால் வழக்கமான பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

திரும்பும்போது ஆண்டுச் சந்தாவுக்கான படிவத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். இன்னும் நிரப்பவில்லை. அதில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. எதை எழுதுவது என்று கணவர் வியாழக்கிழமை வந்ததும் கேட்க வேண்டும்.